சொன்னதை எழுதியவர்

ஜூலை மாதம் பதினைந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் பெய்த மழை ஆறரை மணிக்கு ஓய்ந்தது. வானம் வெளுக்கவில்லை, காற்றும் இல்லை, புழுக்கம் மிகுதி. கள்ளிக்குப்பத்தில் அடுக்குமாடி ஒன்றின் இரண்டாம் தளத்தில் தனியே வசிக்கும் ஆசிரியை ஜெபா, தெருவில் தேங்கிய நீரை ஒதுங்கிக் கடந்து தம் புதிய பள்ளிக்கு நடந்து சென்றார். அங்கே பணியில் சேர்ந்து மூன்று வேலை நாள்களே ஆகியிருந்தன. கல்வி வளர்ச்சி நாளான அன்று, பொதுத்தேர்வில் சிறந்த மாணவியரைப் பாராட்டுவதும் புதிய ஆசிரியர்களை வரவேற்பதும் ஒரே மேடையில் நடைபெறவிருந்தன. வரவேற்கப்படுபவர் ஏற்புரையாகச் சில வார்த்தைகள் பேச வேண்டும் என்பது அந்தப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் வழக்கம். ஜெபாவுக்கு அச்சம் அதில்தான். மேடைப் பேச்சுக்குத் தயங்கும் ஆசிரியை அல்லர் அவர். தம் குரலை ஒரு மாணவி கேட்டுவிடுவாளே என்றுதான் அஞ்சினார்.

ஜெபாவுக்கு வயது நாற்பத்து நான்கு. ஊர், நாசரேத்துக்கு அருகில். தமிழாசிரியையாக இந்தப் பக்கம் வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. திருமழிசைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அவரும் நானும் ஒன்பது ஆண்டுகள் ஒரே அறையில் அமர்ந்திருந்தோம். அவரைப் பற்றி இங்கு எழுதுவன அவரே சொல்லி நான் அறிந்தவை. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தாயார் இருந்தவரை ஊருக்குப் போய்வந்தார். இப்போது அண்ணன் வீட்டிலிருந்து கிறிஸ்துமஸ் அன்று ஓர் அழைப்பு வரும். குழந்தைகள் முறைவைத்து வாழ்த்துச் சொல்லி முடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கடைசி வரிசையில் அமர்ந்து, முதலில் வெளியேறிவிடுவார். கோடை விடுமுறையில் சில மாலைகளில், தண்ணீர்க் கேன் போடுபவருக்குப் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது, குரல் கம்மியிருக்குமாம். காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரியவருமாம்.

சென்ற ஏப்ரல் மாதம் அவருக்கு ஒரு தேர்வுப் பணி வந்தது. பார்வையற்ற மாணவி ஒருத்தி விடைகளை வாயால் சொல்ல, அவற்றைத் தாளில் எழுதித் தரும் பணி. ஆணையில் இதற்குப் பெயர் 'சொல்வதை எழுதுபவர்'. ஆசிரியர்கள் 'ஸ்கிரைப்' என்பார்கள். சொன்னதை மட்டுமே எழுத வேண்டும். குறிப்புக் காட்டக் கூடாது. தாம் யாரென்று தெரிவிக்கக் கூடாது. மாணவியின் பெயர் கனிமொழி; பத்தாம் வகுப்பு. தனியறையில் ஐந்து தேர்வுகளுக்கும் இருவரும் எதிரெதிரே அமர்ந்தார்கள். அந்த ஆண்டில் ஒருவர் தம்மிடம் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அந்த அறையில்தான் என்று ஜெபா பின்னாளில் என்னிடம் கூறினார்.

ஒவ்வொரு வினாவையும் ஒரே வேகத்தில் இரண்டு முறை படிப்பது என்று அவர் முதல் நாளே முடிவு செய்திருந்தார். ஐந்தாம் நாள் சமூக அறிவியல். தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம் எது என்று ஒரு வினா. நான்கு விடைகளையும் இரண்டாம் முறை படித்து முடிப்பதற்குள் கனிமொழி முந்திக்கொண்டாள்.

"தொட்டபெட்டா மிஸ். அடுத்தது."

தொட்டபெட்டா தமிழ்நாட்டில் உயரமானது, தென்னிந்தியாவுக்கு ஆனைமுடி. ஜெபாவின் பேனா நின்றது. வினாவை மூன்றாம் முறை படித்திருந்தால், அந்தக் கெட்டிக்காரப் பெண் உடனே விழித்துக்கொண்டிருப்பாள். ஜெபா படிக்கவில்லை. எழுதினார். இறுதியில், விதிப்படி, எல்லா விடைகளையும் ஒருமுறை படித்துக் காட்டினார். கனிமொழி விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேட்டாள், எதையும் திருத்தவில்லை.

எழுந்திருக்கும்போது, "தேங்க்ஸ் மிஸ். உங்க பேரு என்ன?" என்றாள்.

"சொல்லக் கூடாதும்மா."

மே மாதம் முடிவுகள் வந்தபோது ஜெபா தேர்வு எண்ணை இட்டுப் பார்த்தார். சமூக அறிவியல்: தொண்ணூற்று ஒன்பது. இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது விதி. அப்போது சொல்வதற்கு அவருக்கு யாரும் இல்லை என்பதும் உண்மை.

மாறுதல் கலந்தாய்வில் அவர் முறை வந்தபோது திரையில் இரண்டு காலியிடங்களே இருந்தன. ஒன்று குத்தம்பாக்கத்துக்கு அப்பால். மற்றொன்று கனிமொழியின் நுழைவுச்சீட்டில் அவர் ஐந்து முறை பார்த்த பள்ளி. "வீட்டுக்குப் பக்கம்" என்று சொல்லி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். பக்கம் என்பது உண்மை. வேறு காரணமும் உண்டா என்று நான் கேட்கவில்லை.

பணியில் சேர்ந்த மறுநாளே, ஆசிரியர் அறையில் சமூக அறிவியல் ஆசிரியர் கார்த்திகேசன் விடைத்தாள் நகல் ஒன்றை மேசைமீது விரித்தார்.

கணித ஆசிரியை மைதிலி தலையில் கைவைத்துக்கொண்டார். "ஆரம்பிச்சிட்டார்யா! சார், அந்தப் பேப்பருக்கு லேமினேஷன் போட்டு மாட்டிடுங்க. தெனம் விரிச்சு விரிச்சுக் கிழிஞ்சிடப்போவுது."

"உங்களுக்கென்ன மேடம், மேத்ஸ்ல ரெண்டு சென்டம் வந்தாலே கேசரி கிண்டுவீங்க. என் சப்ஜெக்ட்ல பதிமூணு பேரு. கனி பதினாலாவது. ஃபிளெக்ஸ்ல அவ போட்டோ வரவேண்டிய எடத்துல பள்ளிக்கூட கேட்டைப் படம் புடிச்சுப் போட்டு வெச்சிருக்காங்க. அந்தப் பொண்ணைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஆனைமுடின்னு சொல்லும். எழுதினவங்க காதுல பஞ்சு வெச்சிருந்தாங்களா?"

"கனி என்ன சொல்றா?"

"ஞாபகமில்ல சார்ங்கறா. சொன்னேனா, அவங்க மாத்தி எழுதினாங்களான்னு கேக்கறா. பிளஸ் டூலயும் யாரோ ஒருத்தர்தானே எழுதணும்? இப்பவே எதை எழுதச் சொன்னாலும் நாலு தடவை படிச்சுக் காட்டச் சொல்றா. பக்கத்துல உக்கார்ற பொண்ணுங்க சலிச்சுப்போய் வேற பெஞ்சுக்குப் போயிடுச்சுங்க." பிறகு அவர் தாளை ஜெபாவின் பக்கம் நகர்த்தினார். "தமிழ் டீச்சர், நீங்களே சொல்லுங்க. எழுத்து முத்துமுத்தா இருக்கு. விடை மட்டும் தப்பு."

ஜெபா தம் கையெழுத்தைப் பார்த்தார்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு சார்" என்றார். பதினொன்றாம் வகுப்புகள் இருக்கும் கட்டடத்தின் பக்கம் அவர் அன்று முதல் செல்லவில்லை; மதிய உணவையும் தம் வகுப்பறையிலேயே முடித்துக்கொண்டார். புதிய டீச்சருக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்று இரண்டே நாளில் பேச்சு எழுந்துவிட்டது.

விழா நாளன்று மைதானம் சேறாக இருந்ததால் தகரக் கொட்டகையின்கீழ் மேடை போட்டிருந்தார்கள். நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் அஞ்சலை, ஜெபாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"இன்னா டீச்சர், மைக்குன்னா பயந்துகினு கீறீங்களா? ரெண்டு வார்த்த பேசிட்டு உக்காந்துடுங்க. போன வருசம் புச்சா வந்த சாரு பேசினாரு பாரு, நாலு பொண்ணுங்கோ மயக்கம் போட்டு உயுந்துச்சு."

ஜெபாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பள்ளியில் அவர் சிரித்தது அதுவே முதல் முறை.

"தொண்ட சரியில்லயா? சொல்லுங்க, பெரிய சார்கிட்ட நான் போய்ச் சொல்லிடறேன். துண்டப் போத்திக்கினு சும்மா குந்துங்க, போதும்."

எளிய வழி அது.

"வேண்டாம் அஞ்சலையம்மா. தொண்டை நல்லாத்தான் இருக்கு" என்றார்.

முதலில் நூற்றுக்கு நூறு பெற்ற பதின்மூவர் மேடையேறினர். அவர்களை அடுத்துக் கனிமொழி. மொத்த மதிப்பெண்ணுக்காக அவளுக்கு ஒரு கேடயம். தலைமையாசிரியர் குணசேகரன், "ஒரே ஒரு மார்க்குதான் போச்சு, அதுவும் இவ தப்பில்ல" என்று ஒலிவாங்கியில் சொன்னார். கூட்டம் கைதட்டியது. கனிமொழி மேடை ஓரத்து விசிப்பலகையில் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தாள். அவளுக்கு இருபுறமும் இடம் காலியாக இருந்தது.

அடுத்து ஜெபாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் ஒலிவாங்கியின்முன் நின்றார்.

"எல்லாருக்கும் வணக்கம். என் பேரு ஜெபா. தமிழ் ஆசிரியை."

கனிமொழியின் தலை நிமிர்ந்தது. குரல் வந்த ஒலிபெருக்கியின் பக்கம் முதலில் திரும்பியவள், பிறகு சரியாக ஜெபா நின்ற பக்கம் திரும்பினாள்.

ஜெபா வீட்டில் எழுதி மனப்பாடம் செய்து வந்தது ஒரு பக்கம். சொன்னது மேலும் ஒரே வாக்கியம்: "என்னைச் சேத்துக்கிட்டதுக்கு நன்றி." அவ்வளவு சுருக்கமான ஏற்புரையை அப்பள்ளி கேட்டதில்லை, மகிழ்ச்சி தாளாமல் மாணவியர் நெடுநேரம் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபின், கார்த்திகேசனின் கையைப் பிடித்துக்கொண்டு கனிமொழி வந்தாள்.

"மிஸ், ஏப்ரல்ல எனக்கு எழுதினது நீங்கதானே?"

"நான்தாம்மா."

கார்த்திகேசன் திகைத்தார். "என்ன டீச்சர் இது! அன்னிக்கு அந்தப் பேப்பரை உங்க கைக்கு நேரா வெச்சேனே! ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க!"

பொருள்களை ஒழுங்கு செய்துகொண்டிருந்த ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். தம் காது தவறிற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் குழந்தை அழுதுகொண்டேனும் நிம்மதியாக வீடு திரும்பலாம். ஆனால் பிளஸ் டூ தேர்வில், எதிரே அமரும் எவருடைய கையையும் அவளால் நம்ப முடியாது.

"சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் கனிமொழி. கேடயத்தை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். "மிஸ், எனக்கு மார்க்கு வேணாம். அது போனது போச்சு. அன்னிக்கு நான் ஆனைமுடின்னு சொன்னேனா, தொட்டபெட்டான்னு சொன்னேனா?"

"தொட்டபெட்டான்னுதாம்மா சொன்ன" என்றார் ஜெபா.