முன் பிரேக் மாற்றிய சனிக்கிழமை

2009ஆம் ஆண்டு, வைகாசி மாதம். இலங்கையில், எங்கள் ஊரில், சண்டை முடியப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எப்படி முடியும் என்றுதான் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாங்கள் அப்போது டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் என்ற சிறிய ஊரில் இருந்தோம். எனக்குத் தொழிற்சாலையில் வேலை, மனைவிக்கு முதியோர் இல்லத்தில். பிள்ளைகள் படிப்புக்கென்று வெளியே போய்விட்டதால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

மனைவிக்கு ஒரே ஒரு தம்பி. வன்னியில், கடைசியாக மிஞ்சியிருந்த அந்தக் கடற்கரைத் துண்டுக்குள் குடும்பத்தோடு அகப்பட்டிருந்தான். நான் சொல்லப்போகும் சனிக்கிழமைக்கு எட்டு நாட்களுக்கு முன் யாரோ ஒருவருடைய சற்றலைட் போனிலிருந்து என் கைத்தொலைபேசிக்கு அழைப்பு எடுத்தான். என்னுடைய இலக்கம் மட்டும்தான் அவனுக்குப் பாடம். "அத்தான், அக்காட்டச் சொல்லுங்கோ, இருக்கிறம்" என்றான். அவ்வளவுதான், தொடர்பு போய்விட்டது. அந்த நேரம் மனைவி வேலையில் நின்றாள். வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். என்ன குரலில் சொன்னான், இருமினானா, பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டதா என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். அடுத்த நாளே லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்துகொண்டாள். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இனி எடுத்தால் என்னட்டக் குடுங்கோ. நீங்கள் கதைக்க வேண்டாம். எனக்கு அவன்ரை குரல் கேக்கவேணும்."

சரி என்று சொன்னேன்.

இனி வண்டியின் கதை. எங்களிடம் ஒரு பழைய ஓட்டோகேம்பர் இருந்தது. உள்ளே படுக்கையும், சின்ன அடுப்பும், கழிவறையும் உள்ள வான். இருபது வயது தாண்டியது. வாங்கிய நாள் முதல் மனைவிக்கு அதைக் கண்ணில் காட்டக் கூடாது. ஆனால் அந்தக் கிழமை அவள்தான் அதைக் கேட்டாள். கொப்பன்ஹேகனில் பாராளுமன்றத்துக்கு முன்னால், சண்டையை நிறுத்தச் சொல்லி எங்கள் சனங்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்தும் வயது போன தாய்மார் நாலு பேர் வரத் தயாராக நின்றார்கள். இந்த வான் போனால் களைத்தவர்கள் படுக்கலாம், கழிவறைக்கு அலையத் தேவையில்லை, தேத்தண்ணி வைக்கலாம் என்றாள். சனிக்கிழமை மத்தியானம் வெளிக்கிடுவதென்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வானை எடுத்து ஒரு சுற்று ஓடிப் பார்த்தேன். பிரேக் பிடிக்க, முன் சில்லுகளிலிருந்து இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் வந்தது. பிரேக் கட்டை முழுக்கத் தேய்ந்துவிட்டது. கராஜில் கேட்டால் அடுத்த மாதம் வா என்றார்கள். உதிரிப்பாகக் கடை பூட்ட முதல் ஓடிப்போய் சில்லோடு சுற்றும் பிரேக் தட்டு இரண்டும், அதை இறுக்கிப் பிடிக்கும் கட்டை நாலும் வாங்கி வந்தேன். எனக்குத் தெரியாத வேலை இல்லை என்று ஒரு நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. சைக்கிள் தொடக்கம் சலவை மெஷின் வரை கழற்றிப் பூட்டியவன் அல்லவா. ஆனால் பிரேக்கில் அதுவரை கைவைத்ததில்லை. ரண்டர்ஸ் என்ற ஊரில் இருக்கும் என் நண்பன் ஒருவன் தன்னுடைய வானுக்குத் தானே பிரேக் மாற்றியவன். அவனைத் தொலைபேசியில் பிடித்து, சத்தத்தைக் கூட்டி, ஸ்பானர், சுத்தியல் கிடக்கும் ஆயுதப்பெட்டிக்கு மேல் போனை வைத்துவிட்டுச் சனி காலையில் வேலையைத் தொடங்கினேன்.

அவன் சொல்லச் சொல்லச் செய்தேன். பின் சில்லுகளுக்குக் கல் வைத்தேன். வான் நிலத்தில் நிற்கும்போதே சில்லு நட்டுகளை இளக்கிவிட்டு, ஜாக்கி வைத்துச் சில்லைக் கழற்றினேன். பிரேக் பிடிக்கும் இரும்பைக் கழற்றி, அதன் குழாய் இழுபடாமல் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். பழைய தட்டு துருவேறிப்போய் சுத்தியலுக்குத்தான் பதில் சொன்னது. புதுக் கட்டை தடிப்பு என்பதால் உள்ளே இருக்கிற பிஸ்டனை இறுக்கியால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அதையும் செய்தேன். நினைத்ததைவிட நேரம் எடுத்தது. சமைத்துக்கொண்டிருந்த மனைவி குசினி யன்னலால் எட்டிப் பார்த்து, "ஒண்டரைக்கு எமகண்டம் தொடங்குது. அதுக்கு முதல் வெளிக்கிடவேணும்" என்றாள். யாழ்ப்பாணத்துக் கலண்டர் டென்மார்க் வெயிலுக்குப் பொருந்துமா என்று வேறு நாளென்றால் பகிடி விட்டிருப்பேன். அன்று தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

இரண்டாவது சில்லையும் பூட்டி முடித்தபோது ஒரு மணி. நண்பன், "எல்லாம் இறுக்கிப்போட்டியோ மச்சான்? இன்னும் ஒண்டு இருக்கு, அதைக் கவனமாக் கேள்" என்று தொடங்கினான். அந்த நேரம் பார்த்துப் போனில் இன்னொரு அழைப்பு வந்தது. குனிந்து பார்த்தேன். நீளமான, முன்பின் தெரியாத இலக்கம்.

அந்த மாதம் எங்கள் சனங்கள் எல்லோரும் அப்படித்தான். யாரோடு கதைத்துக்கொண்டிருந்தாலும், தெரியாத இலக்கம் ஒன்று வந்தால் மற்றவருடைய லைனை வெட்டிவிட்டு அதை எடுப்போம். ஒருவரும் கோபிப்பதில்லை. நானும் வெட்டினேன். எண்ணெய்க் கையோடு போனைக் காதில் வைத்தேன். தகரத்தில் மழை விழுவதுபோல ஒரு இரைச்சல். "ஹலோ, தம்பியோ? தம்பியோ கதைக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே நின்றேன். இரைச்சலுக்குள் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. யாரோ கதைக்க வாய் எடுத்ததுபோல இருந்தது. பிறகு ஒன்றுமில்லை. திருப்பி எடுத்தேன், போகவில்லை.

மனைவி கதவடிக்கு வந்தாள். "ஆர் எடுத்தது?"

"ரண்டர்ஸ்காரன்தான். பிரேக் விசயம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சொன்னால் அவள் வெளிக்கிட மாட்டாள், அந்த இடத்திலேயே இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். எட்டு நாளாக நித்திரை இல்லாதவளிடம் ஒரு இரைச்சலை எப்படிக் கொடுப்பது என்றும் நினைத்தேன். இதெல்லாம் பிறகு எனக்கு நானே சொன்ன சமாதானம். உண்மையில் பயந்துவிட்டேன்.

நண்பன் இரண்டு தரம் திருப்பி எடுத்தான். லைன் சும்மா இருக்க வேண்டும் என்று இரண்டு தரமும் வெட்டினேன். ஜாக்கியை இறக்கினேன், நட்டுகளை இறுக்கினேன், கல்லுகளை எடுத்தேன். கை வேலை செய்தது, தலைக்குள் அந்த மூச்சுத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

பயணம் வெளிக்கிட முதல் சில்லுக்கடியில் தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், வைத்து அதன்மேல் வண்டியை ஏற்றுவது எங்கள் வழக்கம். அதிலும் புதிதாகப் பிரேக் போட்ட வண்டி. மனைவி தட்டில் கற்பூரம் கொளுத்தி வானுக்கு முன்னால் காட்டிவிட்டு, நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்து ஓரமாக நின்றாள். தோசைக்கல் மாதிரித் தட்டையான இந்த நாட்டில் எங்கள் வீட்டு வாசலுக்கு மட்டும் வீதியை நோக்கி ஒரு சரிவு. எஞ்சினைப் போட்டு, கிளச்சை மிதித்து, கைப்பிரேக்கை விட்டேன். வான் தானாக நகர்ந்தது. மூன்று தேசிக்காய் நசிந்தது. முன் இடது பக்கத்துக் காய் மட்டும் வழுக்கி உருண்டு முன்னுக்கு ஓடியது. நசியாவிட்டால் சகுனம் பிழை என்று நினைத்தாளாக்கும், மனைவி சட்டென்று குறுக்கே வந்து குனிந்து அதை எடுக்கப் போனாள்.

பிரேக்கை மிதித்தேன். காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. பெடல் நிலம் வரைக்கும் போய்விட்டது. மறுபடி மிதித்தேன். வான் நிற்கவில்லை. கதவுப் பக்கம் இருந்த கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். பின் சில்லுகள் வாசலில் பதித்த கல்லில் கிறீச்சிட்டு இழுபட்டன. வான் நின்றது.

முன் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். மனைவியைக் காணவில்லை. கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்தபடியே இருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. பிறகு எஞ்சின் மூடிக்கு மேல் ஒரு கை வந்தது.

விழுந்தடித்து இறங்கி ஓடினேன். முன் பம்பர் தோளில் தட்டி, அவள் பின்னுக்கு விழுந்து இருந்துவிட்டாள். முழங்கையில் தோல் போயிருந்தது, மற்றபடி ஒன்றுமில்லை. கற்பூரத் தட்டு சில்லுக்கடியில் வளைந்து கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டுகிற மெஷினை நிறுத்திவிட்டு டெனிஷில் ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று மனைவி கையைக் காட்டினாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து அழுதேன்.

மூன்றாம் தரமாக நண்பன் எடுத்தான். பதில் பொத்தானை அமத்தினேன். சத்தம் கூட்டினபடியே இருந்தது.

"மச்சான், பெடலை அடிக்காமல் வானை எடுத்துப்போடாதை. பிஸ்டனை உள்ள தள்ளினால் பெடல் வெறுமையாத்தான் இருக்கும். அஞ்சாறு தரம் மிதிச்சு, இறுகினாப் பிறகுதான் அசைக்கவேணும். அதைச் சொல்லத்தான் அப்ப வந்தனான்." பிறகு கேட்டான். "ஏன் வெட்டினனீ? அங்கையிருந்து லைன் வந்ததோ?"

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து போனை வாங்கி, அழைப்புகளைத் தட்டிப் பார்த்தாள். அந்த நீளமான இலக்கத்தைக் கண்டுபிடித்து எடுத்தாள். போகவில்லை. திரும்ப எடுத்தாள். அதுவும் போகவில்லை.

"என்ன கேட்டது?"

"இரைச்சல். பிறகு ஆரோ மூச்சு விட்ட மாதிரி."

"எவ்வளவு நேரம்?"

"அரை நிமிசம் இருக்கும்."

அவள் சத்தம் போடவில்லை. "குசினி பத்தடிகூட இல்லை. ஒருக்காக் கூப்பிட்டிருக்கலாம்" என்றாள்.

பெடலை ஆறு தரம் மிதித்தேன். இறுகிவிட்டது. வீதியில் மெதுவாக ஓட்டி, நிற்பாட்டி, ஓட்டிப் பார்த்தேன். பிரேக் நன்றாகப் பிடித்தது. போகவேண்டாம் என்று சொன்னேன், அவள் கேட்கவில்லை. எமகண்டம் தொடங்கி வெகுநேரமாகிவிட்டது, அதைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை. தாய்மாரை ஏற்றிக்கொண்டு கொப்பன்ஹேகன் போய்ச் சேரும்வரை போன் அவளுடைய மடியில் இருந்தது. அது அடிக்கவேயில்லை. அடுத்த இரண்டு நாட்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தம்பியைப் பற்றியோ, அவனுடைய மனைவி பிள்ளைகளைப் பற்றியோ இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அந்த அழைப்பு அவனுடையதுதானா என்றும் தெரியாது. அந்த இலக்கத்தை அவள் ஒரு கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

ஓட்டோகேம்பரை அந்த வருடமே விற்றுவிட்டோம். எந்த வாகனத்தில் ஏறினாலும் திறப்பைப் போட்டு எஞ்சினைத் திருக முதல் பிரேக்கை ஆறு தரம் மிதிக்கிற பழக்கம் என்னோடு நின்றுவிட்டது. பிள்ளைகள் சிரிப்பார்கள். இன்னொரு பழக்கமும் உண்டு. தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்தால், அது போனில் மின்சார ஒப்பந்தம் விற்கிறவனாக இருந்தாலும், எடுக்க முதல் மனைவியைக் கூப்பிடுவேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள். பிரேக்கில் விட்ட பிழையை ஆறு மிதியில் சரி பண்ணிவிட்டேன். அவளுக்கென்று வந்த அந்த அரை நிமிடத்தை மட்டும் இன்னும் நான்தான் வைத்திருக்கிறேன், அதை அவளிடம் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.