முறத்தை விடாத கை

பக்கவாதம் வந்து அம்மாவுக்கு இடது பக்கம் விழுந்ததிலிருந்து, நான் ஓசூரில் இருந்தபடி போனிலேயே அவளைப் பார்த்துக்கொண்டேன். அதாவது, தம்பி மனைவிக்கு யோசனை சொன்னேன். மருந்து, சாப்பாடு, படுக்கை, எதைக் கேட்டாலும் என்னிடம் ஒரு யோசனை இருந்தது. கேட்காவிட்டாலும் இருந்தது. செய்வதெல்லாம் அவள்தான். தம்பி லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வெளியூர்.

தனக்கென்று அவள் வைத்துக்கொண்டது கடத்தூரில் ஒரு மணி நேர டைப்பிங் கிளாஸ் மட்டும். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் அம்மாவை எட்டிப் பார்த்துக்கொள்வாள். பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. பாஸானால் வேலைக்கு எழுதிப் போடலாம் என்று அவளுக்கு ஆசை.

அந்தச் சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துப் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாத்தனார் வேஷத்துக்கு எனக்கு ஒப்பனையே தேவையில்லை.

“சீக்காளிகிட்ட வேல வாங்கிட்டு நீ கிளாசுக்குப் போறியா? இன்னியோட நிறுத்திக்க.”

அவள் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். நான் போய் முறத்தை வெடுக்கென்று இழுத்தேன். அது வரவில்லை.

குனிந்து பார்த்தேன். முறத்தின் விளிம்பை அம்மாவின் இடது கை பிடித்திருந்தது. போன தடவை நான் வந்தபோது டம்ளரைக்கூடப் பிடிக்காத கை.

“வுடு புள்ள,” என்றாள் அம்மா, குழறலோடு. “ஆஸ்பத்திரில பந்து குடுத்து அமுக்கச் சொன்னாங்க. நான் என்ன பச்சக் கொழந்தையா? தூக்கி எறிஞ்சுட்டேன். இவதான் முறத்துல புளியக் கொட்டி, எடது கையில புடிச்சுக்கிட்டு வலது கையில கொட்டைய எடுங்க அத்தன்னா.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புளி சீசனில் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு நடக்கிற வேலை. அதையே வைத்தியமாக்க அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எத்தனை கெட்டிக்காரி! இத்தனை பேசிய எனக்கு அது தோன்றவில்லை.

பையை ஆணியிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தேன். “நேரமாவுது, கெளம்பு. அம்மாகூட நான் இருக்கேன்.”

வாசலில் அவள் நின்று திரும்பினாள். “அக்கா, அத்த தடுமாறுனாலும் நீங்க எடுத்துக் குடுத்துடாதீங்க. அவங்களே புடிக்கட்டுங்க.”

அவள் எனக்குச் சொன்ன முதல் யோசனை அது. கையைக் கட்டிக்கொண்டு அம்மாவின் எதிரில் உட்கார்ந்தேன்.