லைன் போனால் அடுத்த கப்பல்!

இன்று காலை ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தி, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மொபைலில் ஒரு கேஸ் பார்த்தேன்.

கேஸ் எங்கள் அம்மாவுடையது!

(பதறாதீர்கள். அம்மா யாரையும் அடிக்கவில்லை. இதுவரை.)

புதிதாக வந்தவர்களுக்கு: நான் போர்ட் பிளேர் பக்கம் புரோத்ராபூரில் ஆன்லைன் ஃபார்ம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். அம்மா, இங்கிருந்து கப்பலில் போக வேண்டிய கட்சால் தீவில், ஓர் அரசு ஹாஸ்டலில் சமையல். தாத்தா குடும்பம் சிலோனிலிருந்து ரப்பர் தோட்ட வேலைக்கு வந்தபோது அம்மாவுக்கு எட்டு வயது. சுனாமியில் அம்மாவின் சர்வீஸ் ரெஜிஸ்டர் கடலோடு போய்விட்டது. புதிதாக ஒன்று எழுதிய புண்ணியவான் அம்மாவுக்கு இரண்டு வயதைச் சும்மா கூட்டிக் கொடுத்துவிட்டார்!

ஆகவே ஐம்பத்தெட்டு வயது அம்மா இந்த மாதக் கடைசியில் "அறுபது" ஆகி ரிட்டயராக வேண்டும்.

"என் ரெண்டு வருசத்த எவன் புள்ள எடுத்துக்கிட்டுப் போனான்?" என்று போனில் ஒரே கத்தல். அம்மாவுக்கு அந்த அடுப்படிதான் உயிர்.

நல்ல வேளை, சிலோனிலிருந்து வந்தபோது கொடுத்த குடும்ப கார்டு என்னிடம் இருந்தது. சுனாமிக்கு முன்பே என் ஸ்கூல் அட்மிஷனுக்காக அதை நான் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்திருந்தேன், அதனால் அலைக்குத் தப்பியது. அம்மாவின் சரியான வயது அதில் இருக்கிறது. அதை வைத்து, அரசு ஊழியர் வழக்குகளை விசாரிக்கும் ட்ரிப்யூனலில் மனு போட்டோம். விசாரணை வீடியோவில்.

முதல் விசாரணை அன்று கட்சாலில் பேய்மழை. லைன் போச்சு. "மனுதாரர் ஆஜராகவில்லை, மனு தள்ளுபடி!"

"நான் இங்கனதானே ஹலோ ஹலோன்னு கத்திக்கிட்டுக் கெடந்தேன்!" என்றார் அம்மா. அன்று நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கடையில் கஸ்டமர் முன்னாலேயே அழுதேன்.

தள்ளிய மனுவை மறுபடி விசாரணைக்கு எடுக்கச் சொல்லி எழுதிப் போட்டோம். அந்த வேலையில் வெப்சைட்டைத் துழாவும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஆன்லைன் விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்று விதி எழுதும் அதிகாரம் ட்ரிப்யூனலுக்கே இருக்கிறதாம்! வரைவு விதிகளைப் போட்டு, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று ஒரு ஃபார்மும் வைத்திருந்தார்கள்.

ஃபார்மா? அது நம் தொழிலாச்சே!

எழுதினேன்: "ஐயா, எங்கள் தீவில் வெதர் சரியில்லாமல் கப்பல் கேன்சல் ஆனால், பயணி வரவில்லை என்று யாரும் எழுதுவதில்லை. அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள். லைன் போனாலும் அப்படியே செய்யுங்கள். போனில் கூப்பிடுங்கள், அரை மணி காத்திருங்கள், முடியாவிட்டால் வேறு தேதி கொடுங்கள்."

யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

இறுதி விதிகள் வந்தன. கப்பலை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது!! (அன்று கடைக்கு வந்த எல்லோருக்கும் டீ.)

அம்மா மனுவும் மறுபடி உயிர் பெற்று, இன்று விசாரணை.

கட்சாலில் இன்றும் மழை. அம்மா ஹாஸ்டல் ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, சிக்னல் கிடைக்கும் ஒரே மூலையில். படம் கண்ணாடி மாதிரி தெளிவு! இங்கே போர்ட் பிளேரில் பளீர் வெயில். இங்கிருந்து துறை சார்பில் பேச வேண்டிய அதிகாரி வாயைத் திறந்தார்...

அவர் லைன் போச்சு!

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. 'அவர் ஆஜராகவில்லை என்று எழுதுங்கள், அவரைத் தள்ளுங்கள்!' என்று உள்ளுக்குள் ஒரே கூச்சல்.

நீதிபதி நிதானமாக ஒரு தாளை எடுத்துப் படித்தார். "லைன் போனால் ஆஜராகவில்லை என்று கொள்ளக் கூடாது. போனில் அழைக்கவும். அரை மணி காத்திருக்கவும். முடியாவிட்டால் வேறு தேதி."

ஐயோ, அது என் வரி!!

வேறு தேதி என்றால் அடுத்த மாதம். அதற்குள் அம்மாவுக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேனா?

"அம்மாஜி, காத்திருப்பதில் ஆட்சேபம் உண்டா?" என்று நீதிபதி ஹிந்தியில் கேட்டார்.

"நஹி சாப். லைன் ஜானா இதர் ரோஸ் கா காம் ஹை," என்றார் அம்மா. இங்கே லைன் போவது தினப்படி நடப்பதுதான் என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த முறத்தை எடுத்து அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். கேமரா முன்னாலேயே!

பத்து நிமிடம். இருபது. நான் நகம் கடித்துக் கடித்து விரலுக்கே வந்துவிட்டேன்.

இருபத்தாறாவது நிமிடம் போனில் அதிகாரியின் குரல்: "ஸாரி சார். கார்டின் அசலைப் பார்த்துவிட்டோம். வயதைத் திருத்த எங்களுக்கு ஆட்சேபம் இல்லை."

இதைச் சொல்லத்தான் அந்த மனிதர் வாயைத் திறந்திருக்கிறார்! அவரைத்தான் நான் தள்ளச் சொன்னேன்!

உத்தரவு வந்துவிட்டது. அம்மாவுக்கு இன்னும் இரண்டு வருடம் சர்வீஸ்!!!

உடனே அம்மாவுக்குப் போன் போட்டு, அந்த விதியை எழுதியதே நான்தான் என்று பெருமையாகச் சொன்னேன்.

"நெசமாவா புள்ள? நீ எழுதுனா விதியாயிருமா?"

"ஆமாம்மா!"

"அப்ப கப்பல் நேரத்துக்கு வரணும்னும் ஒண்ணு எழுதிப் போடு. நாளைக்குப் புள்ளைங்களுக்குப் பூரி, மாவு பெசையணும். வை போன!"

மக்களே, கப்பலுக்குக் கருத்துச் சொல்லும் ஃபார்ம் எந்த வெப்சைட்டில் இருக்கிறது? அவசரம். அம்மா உத்தரவு!