பட்டவரே சொல்ல வேண்டும்

முத்துராமனுக்கு யாராவது வணக்கம் வைத்தால்கூட, எதற்கு வைக்கிறான் என்று யோசிப்பார். திருக்கோகர்ணத்துக்காரர். இருபத்தாறு வருஷமாகப் பஸ்ஸில் டிக்கெட் செக்கிங். சட்டைப்பையைத் தட்டித் தட்டித் தேடுகிறவன் டிக்கெட் எடுத்திருக்க மாட்டான் என்பது அவர் கணக்கு. சரி, உத்தியோகம் அப்படி. வீட்டுக்குள்ளும் அதே கண்ணோடு உலவினால் என்ன செய்வது? மகள் இனியாவுக்கு வந்த நாலு வரன்களையும் இப்படித்தான் விரட்டினார். ஒருத்தன் சிரித்துச் சிரித்துப் பேசினானாம். இன்னொருத்தன் சிரிக்கவே இல்லையாம்!

ஐந்தாவது, இனியாவே சொன்ன பையன். இலுப்பூரில் உரக்கடை வைத்திருக்கும் ரகுநாத்.

“இவரையும் தட்டிக் கழிச்சீங்கன்னா, இனிமே எனக்கு யாரையும் பாக்காதீங்கப்பா. இப்படியே இருந்துட்டுப் போறேன்,” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள். ஞாயிறு சாயங்காலம் பதில் சொல்கிறேன் என்றார்.

சொல்லிவிட்டுச் சும்மா இருப்பாரா மனுஷன்? விசாரித்தார். பையன் மாதம் ஒரு ஞாயிறு தைலமரக் காட்டில் பத்திருபது பேரோடு அங்கி போட்டுக்கொண்டு மந்திரம் சொல்கிறானாம். வருகிற ஞாயிறும் உண்டாம். ஆகா, மாட்டினான்!

“ஐயோ, அது வெளையாட்டுப்பா. மந்திரவாதி, ராஜான்னு ஆளாளுக்கு வேசம் கட்டி ஆடுறது,” என்று இனியா விதிமுறைகளைப் போனில் காட்டினாள். மந்திரத்தை ஒரு சொல் விடாமல் சத்தமாகச் சொல்லி முடித்த பிறகுதான், கம்பு தானியம் அடைத்த துணிப் பந்தை எறிய வேண்டும். பந்து பட்டவர் கல்லாகிவிடுவார். இருநூறு எண்ணும்வரை அசையக் கூடாது, பேசக் கூடாது. பட்டதா இல்லையா என்பதைப் பட்டவரே சொல்ல வேண்டும். எறிந்தவர் வாதாடக் கூடாது.

“பட்டவனே சொல்லணுமா? எந்த மடையன் சொல்லுவான்?” என்றார் முத்துராமன்.

ஞாயிறு காலை, டியூட்டி என்று புளுகிவிட்டுக் காட்டுக்குப் போய் ஒரு தைலமரத்துக்குப் பின்னால் ஒளிந்தார். மரம் அவரில் பாதி அகலம்தான் இருந்தது.

ரகுநாத் ஓடிவந்தான். பின்னால் புதருக்குள் இருந்து பச்சை அங்கி போட்ட ஒரு பெண், “மண்ணே கேள், மரமே கேள், கல்லாகு!” என்று கத்திப் பந்தை எறிந்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள். பந்து அவன் குதிகாலை லேசாக உரசியது. சுற்றிலும் ஒரு ஈ காக்கா இல்லை. தட்டிவிட்டுப் போனால் கேட்பாரில்லை.

“பட்டுருச்சு!” என்று உரக்கச் சொல்லி, அப்படியே நின்றுவிட்டான். காலில் எறும்பு ஏறியது. அசையவில்லை.

நாம் இருப்பது தெரிந்து நடிக்கிறானோ? முத்துராமனுக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்து அவனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவன் கண் மட்டும் அவரைப் பார்த்தது.

அந்த நேரம் மறுபடி அந்த மந்திரம் கேட்டது. முதுகில் பொத்தென்று ஒன்று விழுந்தது. எறிந்தவள் அதே பச்சை அங்கிக்காரி, ரிஃபானா. அவளோடு மஞ்சள் துணி கட்டிய நடுவர் ஷர்லியும் வந்தாள்.

“மஞ்சத் துணி கட்டாதவங்க எல்லாம் ஆட்டக்காரங்கதாங்கய்யா. நீங்க புதுசா? பட்டுச்சா?” என்று ஷர்லி கேட்டாள்.

“படல! எம்மேல ஒண்ணும் படல!” யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது.

“சரிங்கய்யா,” என்றாள் ரிஃபானா. மறுபேச்சே இல்லாமல் இருவரும் போய்விட்டார்கள். சண்டைக்கு வந்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு கேவலமாக இருந்திருக்காது. கல்லாக நின்றவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

சாயங்காலம் இனியா காபியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“தங்கமான பையன்மா. பேசி முடிச்சிருவோம்,” என்றார்.

அவள் சிரிக்கவில்லை. “அவரு ரெண்டு நாள் டைம் கேக்குறாருப்பா.”

“எதுக்காம்?”

“ஒங்க போட்டோவ முன்னாடியே பாத்திருக்காரு. காட்டுல ஒங்களை அடையாளம் தெரிஞ்சுருச்சாம். ஒங்களைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணுமாம்.”

முத்துராமனுக்குக் காது மடல் சுட்டது. எழுந்தார், உட்கார்ந்தார். பிறகு கையை நீட்டினார்.

“போனைப் போட்டுக் குடு.”

அந்தப் பக்கம் ரகுநாத்தின் குரல் வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தம்பி, இனியாவோட அப்பா பேசுறேன். எனக்குப் பட்டுச்சு தம்பி. முதுகுல, நல்லாவே பட்டுச்சு.”