உசுருத் தண்ணி

ஈரத் துணி வழியாகத் தண்ணீர் பித்தளைக் குடத்துக்குள் இறங்குகிற சத்தத்தைக் கேட்டுத்தான் சின்ன வயதில் தினமும் கண் விழிப்பேன். முதலில் பொலபொலவென்று கொட்டும், குடம் நிரம்ப நிரம்பச் சத்தம் தடித்து அடங்கும், பிறகு தாத்தா அந்தத் துணியைப் பிழியாமல், உதறாமல், குழந்தையைத் தூக்குகிற மாதிரி எடுத்துத் திருப்பிப் பிடிக்கும்போது சொட்டுச் சொட்டாக விழும். செஞ்சிக் கடைவீதிக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. கொல்லைக் கிணற்றடியில் நின்று நிமிர்ந்தால் ராஜகிரிக் கோட்டையின் உச்சி தெரியும். அதைப் பார்ப்பதற்கென்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். நாங்கள் துணி காயப்போடுவதற்கு முன்னால் அந்தப் பக்கம் மேகம் கூடியிருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். தாத்தாவின் பூர்வீகம் மேல்சித்தாமூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கடைவீதியில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்து, வயதானதும் அதை அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டார். எங்கள் சமூகத்தாரை அழைக்கிற வழக்கப்படி ஊரே அவரை "நயினாரே" என்றுதான் கூப்பிடும். பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை வாயில் படாது, கிழங்கு வகை எதுவும் வீட்டுக்குள் வராது. பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்து, "ஆறு மணி ஆனா உங்க வூட்ல எல்லார் வாயையும் பூட்டிடுவாங்களாமே?" என்று கேட்பார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் வரும், ஏனென்றால் அது முக்கால்வாசி உண்மை. சிநேகிதிகள் வீட்டுக் கல்யாணங்களில் எல்லோரும் ராத்திரிப் பந்தியில் உட்கார, நான் மட்டும் வெறும் வாயோடு மேடையில் தொங்கும் பூமாலையை முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தாத்தா நிறையப் படித்தவர் என்று ஊரில் பேர். கிரந்த எழுத்து படிப்பார். பழைய ஏடு வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு அவரைத் தேடி வருவார்கள். ஆனால் தனக்காகப் படிக்கும்போது, காலைப் பூசை முடிந்து கடைத்தெரு இரைச்சல் எழுவதற்குள் ஒரே ஒரு பக்கம், அதற்கு மேல் புரட்ட மாட்டார். கேட்டால், "இன்னிக்குப் படிச்ச மாதிரி இன்னிக்கு நடந்துக்கிட்டா போதும், மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். எங்களை உட்காரவைத்து ஒருநாளும் உபதேசம் செய்ததில்லை. அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

அவர் பிடிவாதமாகச் செய்த ஒரு காரியம் தண்ணீர்ப் பந்தல். கோடை பிறந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கீற்றுப் பந்தல் போட்டு, மணல் பரப்பி, பானைகளில் வெட்டிவேர் போட்டுத் தண்ணீர் வைப்பார். கோட்டை ஏறி இறங்கி நாக்கு தள்ளி வருகிறவர்கள், திருவண்ணாமலை பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற கூட்டம் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். அவருடைய அப்பா காலத்தில் தொடங்கியது, ஒரு வருடமும் நின்றதில்லை. அத்தனை தண்ணீரும் எங்கள் கொல்லைக் கிணற்றிலிருந்து போனது, அத்தனையையும் அவரே வடிகட்டினார்.

வடிகட்டுவதோடு வேலை முடியாது. துணியில் தங்கியிருப்பது வெறும் தூசியில்லை, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் என்பது எங்கள் நம்பிக்கை. துணியைத் திருப்பிப் பிடித்து, வடிகட்டிய தண்ணீரையே அதன்மேல் விட்டு அலசி, அந்த அலசலை ஒரு சொம்பில் பிடிக்க வேண்டும். அதற்கு எங்கள் வீட்டில் "உசுருத் தண்ணி" என்று பேர். அதைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. எந்தக் கிணற்றில் இறைத்தோமோ அதே கிணற்றில் விட வேண்டும். மேலிருந்து ஊற்றினாலும் அடிபடுமாம். அதனால் தண்ணீரைத் தொட்டதும் கவிழும்படி அடியில் வளையம் வைத்த சின்னப் பித்தளை வாளி ஒன்றில் ஊற்றிக் கயிற்றில் இறக்குவார். "பொறந்த எடத்துலதான் அதுங்க பொழைக்கும் பாப்பா" என்பார்.

நான் ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதிய வருடம் மழை பொய்த்தது. பங்குனி முடிவதற்குள் எங்கள் கிணறு வற்றி, அடியில் பாறை தெரிந்தது. பந்தல் நின்றுவிடுமோ என்று தாத்தாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அப்பாதான் ஏழுமலை என்கிற லாரிக்காரரைப் பிடித்துத் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தார். லாரித் தண்ணீர் வந்து சிமெண்டுத் தொட்டி நிரம்பியது. தாத்தா நிம்மதியாக வடிகட்டினார். வடிகட்டி முடித்துச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். இதை எந்தக் கிணற்றில் விடுவது?

ஏழுமலையைக் கேட்டால், "ஊருக்கு வெளிய ஒரு கெணறு நயினாரே, அத்த இன்னாத்துக்குக் கேக்கறீங்க?" என்று சிரித்து மழுப்பினார். விலாசம் தெரியாத உயிர்களைத் தாத்தா என்ன செய்வார்? சொம்பு சொம்பாகச் சமையலறைப் பலகைமேல் அடுக்கி மூடி வைத்தார். சொம்பு தீர்ந்து டம்ளர், டம்ளர் தீர்ந்து என் சாப்பாட்டு டப்பா. "மாமா, சாம்பார் வைக்க ஒரு ஏனம் இல்ல, எல்லாத்துலயும் உங்க உசுருங்கதான் குடியிருக்குது" என்று அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மறுநாள் காலையில் எல்லாவற்றையும் ஒரு தூக்கில் சேர்த்து, பித்தளை வாளியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு, தாத்தா லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஏழுமலை எவ்வளவு சொல்லியும் இறங்கவில்லை. நேரம் தவறினால் பட்டினி கிடந்துவிடுவாரே என்று அம்மா பயந்து, "பொழுதோட இட்டுனு வந்துடுடீ" என்று என்னையும் ஏற்றி அனுப்பினாள்.

அனந்தபுரம் போகிற பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக் காய்ந்துபோன ஒரு கொல்லை. நடுவில் கிணறு, மோட்டார் கொட்டகை. கொஞ்சம் தள்ளி வேலியோரம் பிளாஸ்டிக் குடங்களோடு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தாத்தா யாரையும் கவனிக்காமல் குனிந்து வாளியை இறக்கினார். அது கவிழ்கிற சத்தம் வருகிற வரை மூச்சுவிட மாட்டார், அன்றும் அப்படியே. நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது.

கூட்டத்தில் ஒரு பெண், பச்சையம்மா என்று பிறகு தெரிந்துகொண்டோம், கிட்டே வந்து கேட்டாள்: "இன்னா பெரியவரே, ஒரு தூக்குத் தண்ணிய எடுத்துனு வந்து ஊத்தறீங்க, லாரி ரொம்ப மொண்டுனு போறீங்க. நல்லாருக்குது உங்க நாயம்!"

மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஏழுமலை, "யார்கிட்ட இன்னா பேசற? தண்ணிப் பந்தல் வைக்கிற நயினாரு அவரு" என்று அதட்டினார்.

"வைக்கட்டும். நாங்களும் தாகத்துக்குத்தான் நிக்கறோம்."

தாத்தா அவளைப் பார்த்து, "நீங்க எப்பம்மா மொள்ளுவீங்க?" என்று கேட்டார்.

"லாரி ரொம்பிப் போனப்பறம். அடியில நிக்கிற சேத்த."

தாத்தாவின் முகத்தில் அப்படி ஒரு அடி விழுந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஏழுமலை பக்கம் திரும்பி, "அந்தம்மா சொல்றது சரிதான். எனக்கு இனிமே தண்ணி வேணாம் ஏழுமலை" என்றார். "நீங்க வேணாம்னா லாட்ஜுக்கு ஊத்தப் போறேன் நயினாரே, இவங்களுக்கா வரப்போவுது?" என்றார் ஏழுமலை. அதுவும் சரிதான். தாத்தா யோசித்தார். பிறகு போய் மோட்டார் கொட்டகை வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டார். "இவங்க மொண்டு முடிக்கட்டும். நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

தகவல் போய், கிணற்றுக்காரர் மொபெட்டில் வந்து இறங்கினார். எங்கள் தூரத்து உறவு அவர்; எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் முன்வரிசையில் உட்காருகிறவர். "மல்லாட்ட காஞ்சி போச்சு மாமா. தண்ணிய வித்துத்தான் பொழப்பு ஓடுது" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"விக்க வேணாம்னு சொல்லலப்பா. இவங்க மொண்டதுக்கப்பறம் வித்துக்க. நீயும் வடிகட்டித்தானே குடிக்கிற? கண்ணுக்குத் தெரியாத உசுருக்கு அவ்வளவு பாக்கறோம். குடத்தோட நிக்கிற உசுரு கண்ணுக்குத் தெரியுது இல்ல?"

உறவுக்காரர் மோட்டாரைப் போடவில்லை. வயதானவரைக் கையைப் பிடித்து எழுப்பிவிட அவருக்கு மனம் வரவில்லை. பெண்கள் வரிசையாக வந்து மொண்டார்கள்.

வீட்டில் பூகம்பம். அடுத்த நாள் அமாவாசை. "நைனா, ஊரே சிரிக்கும். உங்க அப்பா ஆரம்பிச்சது, ஒரு வருசம் நின்னதில்ல" என்று அப்பா கெஞ்சினார். "நிக்கட்டும்டா. இன்னிக்கு மிச்சம்னு நாம எடுக்கறது, அவங்க நாளைக்கு மொள்ள வேண்டிய தண்ணி. அடுத்தவங்க குடத்துலேர்ந்து மொண்டு குடுத்துட்டு, அத நம்ம புண்ணியம்னு சொல்லிக்க முடியுமா?" என்றார் தாத்தா. உறவுக்காரர் பேரை வெளியில் சொல்லக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அதனால் காரணமும் ஊருக்குத் தெரியாமல் போயிற்று.

அமாவாசையன்று பந்தலில் பானைகள் கவிழ்ந்து கிடந்தன. தாத்தா ஓடி ஒளியவில்லை. காலையில் அந்த மோட்டார் கிணற்றடிக்குப் போய்விட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பி வந்து, பந்தலிலேயே உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் "இந்த வருசம் தண்ணி இல்லம்மா, மன்னிச்சுக்குங்க" என்று அவரே சொன்னார். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு அம்மா, "பந்தல் போடத் தெரியுது, ஒரு வாய் தண்ணி வைக்கத் தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனாள். "நயினாரு கை வுட்டுட்டாரு" என்று கடைவீதி பேசியது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அந்த அம்மாவை ஓடிப்போய்ப் பிடித்து நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று துடித்தேன். தாத்தா என் கையை விடவில்லை.

அந்தக் கோடை முழுக்கக் காலையில் அவர் அந்தக் கிணற்றடியில்தான் இருந்தார். வேடிக்கை என்னவென்றால், போகும்போது அவரை ஏற்றிப்போனது ஏழுமலையின் லாரிதான். மோட்டாரைத் தடுத்துத் தன் லாரியைக் காக்கவைக்கப் போகிறவருக்குத் தன் பக்கத்திலேயே இடம் கொடுத்து, கதவையும் திறந்துவிடுவார். தாத்தா வாசலில் உட்கார்ந்து தன் ஒரு பக்கத்தைப் படிப்பார். அதற்குள் பெண்கள் மொண்டுவிடுவார்கள். பிறகு எழுந்து, "இப்ப போட்டுக்கப்பா" என்பார். ஆடியில் மழை பிடித்தது. அடுத்த கோடையில் எங்கள் கிணற்றில் தண்ணீர் இருந்தது, பந்தலும் இருந்தது. ஆனால் அந்த நின்றுபோன வருடத்தைத்தான் நான் அவருடைய பெரிய வருடமாக நினைக்கிறேன். சில வருடங்கள் கழித்து, ஒரு பிற்பகலில், சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

நான் இன்னும் செஞ்சியில்தான் இருக்கிறேன். கொல்லைக் கிணற்றைச் சிமெண்டுப் பலகையால் மூடியாகிவிட்டது, மேலே துணி துவைக்கும் மெஷின் நிற்கிறது. பந்தல் இருந்த இடத்தில் செல்போன் கடை. குடிக்கக் கேன் தண்ணீர்தான், போன் பண்ணினால் டாட்டா ஏஸில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். பித்தளை வாளி மட்டும் பூசை அலமாரியில் இருக்கிறது. போன வாரம் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் கேன்காரத் தம்பி வந்தான்.

"இது எந்தக் கெணத்துத் தண்ணி தம்பி?" என்று கேட்டேன்.

"கம்பெனித் தண்ணிக்கா. அவங்களே நல்லா வடிகட்டித்தான் தராங்க. உங்களுக்கு இன்னா டவுட்டு?"

"கம்பெனிக்கு எங்கேருந்து வருது?"

அவன் ஏழுமலையைப் போலவே சிரித்தான். "எங்கியோ போர் போட்டுக்கறாங்க. அத்த இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

நான் வாளியைக் கீழே வைக்கவில்லை. "நாளைக்கு லோடு எடுக்கப் போவும்போது என்னையும் ஏத்திக்க" என்றேன். அவன் விளையாட்டு என்று நினைத்து, "வாங்கக்கா, முன்னாடி ஒரு சீட்டு சும்மாதான் இருக்குது" என்றான்.

"பொழுதோட கொண்டாந்து வுட்டுடணும்" என்றேன்.