பயிற்சியாளர் சொன்னதும் நான் சொன்னதும்

யூரோ வந்து இரண்டாவது குளிர்காலம் அது. ஜெர்மனியில் ஹாலே நகருக்கு அருகே ஒரு சிறிய ஊரில், பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தைப் பராமரிக்கும் வேலை எனக்கு. கதவு திறப்பது, தரை துடைப்பது, சூடு போதுமா என்று பார்ப்பது. மாலை நேரங்களில் எங்கள் ஊர்க் கூடைப்பந்துக் கழகம் அங்கே பயிற்சி செய்யும். கீழ்ப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த சின்னக் கழகம். அதன் தலைவர் தளபாடக் கடை வைத்திருந்தார். அந்த வருடம் எப்படியாவது ஒரு பிரிவு மேலே ஏற வேண்டும் என்று அவருக்கு ஆசை பிடித்து, சம்பளத்துக்கு ஆடுகிற ஓர் அமெரிக்கரை வரவழைத்துவிட்டார்.

வந்தவர் இரண்டு மீற்றருக்கும் மேலே உயரம். தலைவரின் கடையில் இருந்த எந்தக் கட்டிலும் அவருக்குப் போதவில்லை. கடைசியில் இருந்ததிலேயே பெரிய கட்டிலைக் கொடுத்து, கால்மாட்டில் ஒரு சப்பாத்துப் பெட்டகத்தையும் ஒட்டி வைத்தார்கள். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தலைவருக்குப் புரிந்திருக்காது. அங்கேதான் சிக்கல். எங்கள் பயிற்சியாளர் கிழக்கு ஜெர்மனியில் படித்தவர். பள்ளியில் கற்ற வேற்றுமொழி ரஷ்யன். ஆங்கிலத்தில் நன்றி சொல்லக்கூடத் தெரியாது.

தலைவர் என்னிடம் வந்தார். நான் கனடாவில் இருக்கும் அண்ணனோடு தொலைபேசியில் பேசுவதைப் பலமுறை கேட்டிருக்கிறாராம். இவ்வளவு வேகமாக ஆங்கிலம் பேசுகிற ஒருவரைத் தான் பார்த்ததே இல்லை என்றார். நான் அண்ணனோடு பேசியது தமிழ். அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஊரில் அதுவரை என் தரை துடைப்பைத் தவிர வேறெதையும் யாரும் மெச்சியதில்லை. தலையாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“உங்கடை இங்கிலீசிலை அந்தாளுக்கு ஒரு தண்ணிப் போத்திலும் வாங்கிக் குடுக்க ஏலாது.”

விளையாட்டுக்குப் பத்துச் சொல் போதும் என்றேன். ஓடு, நில், பிடி, எறி. மிச்சத்தைக் கை பார்த்துக்கொள்ளும்.

முதல் பயிற்சியிலேயே பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தி, இரண்டு நிமிடம் மூச்சு விடாமல் பேசினார். ஜெர்மன் மொழியில் வினைச்சொல் கடைசியில் வருவது எனக்குச் சிரமமில்லை; தமிழிலும் அப்படித்தானே. அதை இழுத்து ஆங்கிலத்தில் முன்னுக்குக் கொண்டுவரத்தான் வழி தெரியவில்லை. அவர் சொன்னதன் சாரம் இது: இவன் கடையிலிருந்து தவறி வந்த அலுமாரி மாதிரி நிற்கிறான், ஓடவுமில்லை, தடுக்கவுமில்லை, இடது கையை எதற்கு வைத்திருக்கிறான் என்றே தெரியவில்லை.

அலுமாரிக்கு எனக்கு ஆங்கிலம் தெரியும். அதனால் அங்கிருந்து தொடங்கினேன். “நீங்கள் ஓர் அலுமாரி போல இருக்கிறீர்கள் என்கிறார். மிகப் பலம். கொஞ்சம் ஓடினால் நல்லது.”

அமெரிக்கர் நெஞ்சில் கை வைத்துப் பயிற்சியாளருக்குத் தலை வணங்கினார். முப்பது வருடப் பயிற்சி வேலையில் யாரும் அந்த மனிதருக்குத் தலை வணங்கியதில்லை. அவர் குழம்பிப்போய் அடுத்த பத்து நிமிடம் யாரையும் ஏசவில்லை. மற்ற ஆட்டக்காரர்களுக்குப் பள்ளி ஆங்கிலம் தெரியும், பயிற்சியாளரின் ஏச்சை மொழிபெயர்க்கும் துணிவுதான் யாருக்கும் இல்லை. அவர்கள் குனிந்து தங்கள் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின.

கழகம் அவருக்கு ஒரு சின்னக் கார் கொடுத்தது. இரண்டு கதவிலும் தலைவரின் கடைச் சோபாவின் படம். கையால் கியர் மாற்றும் கார் அவருக்கு ஓட்டத் தெரியாது, அந்த வேலையும் என்னிடம் வந்தது. முன் இருக்கையில் அவர் முழங்கால் முகத்தில் இடித்தது. ஆகவே அந்த இருக்கையைக் கழற்றிவிட்டோம். அவர் பின்னால் அமர்ந்து காலை முன்வரைக்கும் நீட்டிக்கொள்வார். மந்திரியைக் கொண்டுபோகிற சாரதி மாதிரி நான் ஓட்டுவேன்.

அந்தப் பயணங்களில்தான் தன் கதையைச் சொன்னார். மெதுவாகப் பேசியதால் எனக்கும் விளங்கியது. கல்லூரியில் ஊரே கொண்டாடிய ஆட்டக்காரராம். பிறகு ஒரு பெரிய அணி பயிற்சி முகாமுக்கு அழைத்தது. ஆறு நாள் அவர்களோடு ஆடினார். ஏழாம் நாள் காலை சாப்பிட்டுவிட்டு வந்தால், ஹோட்டல் அறைக் கதவு சாவி அட்டைக்குத் திறக்கவில்லை. கீழே போய்க் கேட்டபோது அவருடைய பை கட்டி வைக்கப்பட்டிருந்தது.

“என்னை நீக்கியதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. கதவுதான் சொன்னது,” என்றார்.

அதன் பிறகு பின்லாந்து, போர்த்துக்கல், சைப்ரஸ் என்று எட்டு அணிகள். வயது இருபத்தெட்டு என்று கழகத்துக்குச் சொல்லியிருந்தார். ஒருநாள் பேச்சுவாக்கில், பெர்லின் சுவர் விழுந்தபோது தான் கல்லூரியில் இரண்டாம் வருடம் என்றார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்; முப்பதையும் தாண்டி வந்தது. வீதியிலேயே கண்ணை வைத்திருந்தேன்.

தை மாதத்துக்குள் தொடர்ந்து ஐந்து ஆட்டங்கள் வென்றோம். இவ்வளவு குறைவாகப் பேசி இவ்வளவு மரியாதையாக நடத்துகிற பயிற்சியாளரைத் தான் கண்டதில்லை என்று அமெரிக்கர் எல்லாரிடமும் சொன்னார். சொன்னதைத் தட்டாமல் கேட்கிற இப்படியோர் ஆட்டக்காரனைத் தான் கண்டதில்லை என்று பயிற்சியாளரும் சொன்னார். இரண்டையும் நானே மொழிபெயர்த்தேன்.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்து குரல் அடைத்துவிட்டது. தலைவர் என் மனைவியைக் கேட்டார். அவள் ஆசிரியை. ஒரு சொல்லை விட்டுவிடுவது அவளைப் பொறுத்தவரை களவு. இடைவேளையில் பயிற்சியாளர் சொன்ன இரண்டு நிமிடத்தையும் அலுமாரி, இடது கை, பரம்பரை எல்லாவற்றோடும், இலக்கணப் பிழையில்லாமல் இரண்டு நிமிடத்தில் சொன்னாளாம். அன்று தோற்றோம். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் தோற்றோம்.

குரல் திரும்பிய அன்று அமெரிக்கரை ஏற்றப் போனேன். கார் நகர்ந்ததும் அவர் தணிந்த குரலில் கேட்டார். “பயிற்சியாளருக்கு வீட்டில் ஏதும் துன்பமா? மனிதர் அடியோடு மாறிவிட்டார்.”

எனக்குப் பொய் சொல்லும் அளவுக்கும் ஆங்கிலம் இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி உண்மையைச் சொன்னேன். முதல் நாளிலிருந்தே அவர் அப்படித்தான் பேசுகிறார், மாற்றியது நான் என்றேன். அவர் நீட்டியிருந்த காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கார் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனியும் நான் மொழிபெயர்த்துத் தந்த பயிற்சியாளரையே தனக்குத் தரும்படி கேட்டார்.

இதை மனைவியிடம் சொன்னபோது, “அப்ப நீங்களே போங்கோ. நான் பொய் சொல்லிக் குடுக்க மாட்டன்” என்றாள். நான் திரும்பிப் போனேன். மறுபடி வென்றோம்.

பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் மேல் பிரிவு. மண்டபம் நிறைந்திருந்தது, மனைவியும் வந்திருந்தாள். அமெரிக்கரின் வலது முழங்கால் காலையிலேயே வீங்கியிருந்தது. மூன்று முறை விழுந்து மூன்று முறையும் எழுந்தார். ஐந்து நிமிடம் மீதி இருக்கும்போது பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தினார். வழமையான கத்தலுக்கு நான் என் நாலு சொற்களோடு தயாராக நின்றேன். அவர் கத்தவில்லை. அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதேயில்லை. இந்த ஆட்டத்தைவிட அந்த முழங்கால் பெரிது, உட்காரச் சொல், என்றார். அவன் விழுந்து எழுந்ததைப் போல இந்த மண்டபத்தில் வேறொன்றை நான் பார்த்ததில்லை, அதற்கு என் வாயில் நல்ல சொல் வந்ததில்லை, அது என் பிழை, என்றார். இதைச் சரியாகச் சொல், ஒன்றையும் விடாதே.

என்னிடம் இருந்த ஆங்கிலம் அதற்குக் காணாது. பார்வையாளர் பக்கம் திரும்பி மனைவியைக் கை காட்டிக் கூப்பிட்டேன்.

அவள் கைப்பையோடு இறங்கி வந்து, பயிற்சியாளரை இன்னொரு முறை சொல்ல வைத்துக் கேட்டு, முழுவதையும் சொன்னாள். அமெரிக்கர் அவளைப் பார்க்கவில்லை. பயிற்சியாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய நல்ல முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். நாங்கள் நாலு புள்ளியால் தோற்றோம்.

முழங்காலை வெட்டித் திருத்த வேண்டும் என்றார்கள். அவர் ஊருக்குப் போய் அதைச் செய்துகொண்டார். திரும்பி ஆடவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளின் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறார். நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்து அட்டை வரும். அதில் வயதையும் ஒருமுறை சரியாக எழுதியிருந்தார்.

அந்தக் கோடையில் பயிற்சியாளர் எங்கள் வீட்டு மணியை அடித்தார். பூக்கள் கொண்டுவந்திருந்தார். தனக்கு ஆங்கிலம் கற்றுத்தர முடியுமா என்று என்னைத் தாண்டி மனைவியைக் கேட்டார். அவர் சொல்லி இன்னும் சிலர் சேர்ந்தார்கள். இலையுதிர் காலத்தில் நகர வளர்ந்தோர் கல்வி வகுப்பில் அவளுக்கு வாரம் இரண்டு மாலை வேலை கிடைத்தது. பதினேழு வருடத்துக்குப் பிறகு அவள் மறுபடி கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். முதல் வரிசையில் பயிற்சியாளர் கை கட்டி இருந்தார். மொத்தம் ஒன்பது மாணவர்கள். நான் சேரவில்லை. அந்த நேரத்தில் மண்டபத்தைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.