டேப் சுற்றிய நாலு ஒயர்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் அப்படி எழுந்து போய்விடுவீர்களோ என்று இப்போது எனக்கே கவலையாக இருக்கிறது, கொஞ்சம் உட்காருங்கள். வேலையில் இருந்த காலம் முழுக்க மின்கம்பமும் கம்பியுமாக இருந்தவன். "கம்பத்துல மோகினி உக்காந்துகினு கீது" என்று ஊர்க்காரர்கள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் ஏறிப் பார்த்திருக்கிறேன், எல்லா இடத்திலும் லூஸ் கனெக்‌ஷன்தான். கம்பி இல்லாமல் கரண்ட் போகாது, கரண்ட் போகாமல் ஸ்பீக்கர் பேசாது. இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன். நடந்ததையும் சொல்வேன். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்றால் நான் என்ன செய்வது?

என் மகன் சேகர் பிக்கப் வண்டி வைத்திருக்கிறான். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக் கீழே கொண்டுவருவது அவன் தொழில். மலையில் பனி இறங்கினால் பாதை தெரியாது, அவன் கிளம்பிப் போனால் வீடு வந்து சேரும்வரை எனக்குச் சோறு இறங்காது. வழி சொல்லும் செட் ஒன்றை வாங்கி மாட்டு என்று நச்சரித்தது நான்தான். திரையில் வரைபடம் வரும், ஒரு பெண் குரல் தமிழில் வழி சொல்லும், பாட்டும் பாடும், சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். வெளியாளிடம் கொடுக்க மனம் வராமல் ஒயரிங்கையும் நானே செய்தேன்.

மொத்தம் பதினாறு ஒயர். மஞ்சள் நேராக பேட்டரிக்கு, சிவப்பு சாவிக்கு, கறுப்பு எர்த். ஸ்பீக்கருக்கு மட்டும் எட்டு, முன்பக்கத்துக்கு நாலு, பின்பக்கத்துக்கு நாலு. காராக இருந்தால் பின் சீட் இருக்கும். பிக்கப்பில் கேபினுக்குப் பின்னால் கிழங்கு மூட்டைதானே? ஆகவே இரண்டு கதவிலும் ஸ்பீக்கரை மாட்டிவிட்டு, மிச்சமான நாலு ஒயரையும் தனித்தனியாக டேப் சுற்றி டேஷ்போர்டுக்குள்ளேயே மடக்கிக் கட்டினேன். எண்ணிப் பார்த்தேன். திரும்பவும் எண்ணினேன்.

"இன்னாப்பா, எத்தினி தபா எண்ணுவ? ஒயரு இன்னா குட்டியா போடப் போவுது?" என்றான் சேகர்.

அந்த வாரமே அண்ணாமலை இறந்துபோனான். மலையில் சேகருக்கு மூட்டை ஏற்றிக் கொடுக்கும் ஆள். கரியாலூரைத் தாண்டி மண் பாதையில் போனால் அவன் ஊர். காய்ச்சல் முற்றி நினைவில்லாமல் கீழே கொண்டுவந்தார்கள், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறக்காமலே போய்விட்டான். ஊருக்கு எடுத்துப் போக சேகரே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான். நானும் ஏறிக்கொண்டேன். மழைக்காலம், மலை, அவனை எப்படித் தனியாக விடுவது?

பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் உடல், அதன் பக்கத்தில் உட்கார அவன் மனைவி சின்னப்பொண்ணு. கிளம்பும் முன் அவள் என்னிடம் வந்தாள். அழுது அழுது தொண்டை போய்விட்டது, காற்றுதான் வந்தது.

"ஐயா, நெனப்பு இல்லாமதான் அவர எறக்கியாந்தோம். திரும்பிப் போவ அவருக்கு வழி தெரியாதுங்க. எங்க ஊர்ல, வெளியூர்ல போன உசுர வூட்டுக்கு இட்டுகினு போறப்ப திருப்பத்துக்குத் திருப்பம் சொல்லிகினே போவணும். இல்லாங்காட்டி நடுவழியில நின்னுடும். எனுக்குக் கொரலே இல்லிங்களே."

"நீ ஏறும்மா, சாமி பாத்துக்கும்" என்றேன். வேறு என்ன சொல்ல?

சேகருக்கு வழி தெரியும். ஆனாலும் பனி இறங்கினால் என்ன செய்வது என்று செட்டில் ஊரைப் போடச் சொன்னேன். கச்சிராயபாளையம் வரைக்கும் குரல் கதவிலிருந்துதான் வந்தது. கோமுகி அணையை ஒட்டி மலை ஏற ஆரம்பித்ததும் குரல் குறைந்தது. சத்தத்தைக் கூட்டினேன், இன்னும் குறைந்தது. முதல் கொண்டை ஊசி வளைவில், "இடது பக்கம் திரும்பவும்" என்பது என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டது. கேபின் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தார்ப்பாய்க்கு அடியில் யாரோ பக்கத்தில் குனிந்து சொல்வது போல, தெளிவாக.

"செட்டிங்கு பின்னாடி தள்ளிகினு இருக்கும்ப்பா" என்றான் சேகர்.

திரையைப் பார்த்தேன். சத்தம் முன்னால் வரவேண்டுமா பின்னால் வரவேண்டுமா என்று வைக்கிற புள்ளி முழுக்கப் பின்பக்கம் போயிருந்தது. முன்னால் இழுத்துவிட்டேன். அடுத்த வளைவிலும் பின்னால்தான் பேசியது.

"தள்ளிகினே இருக்கட்டும்டா, பின்னாடி ஸ்பீக்கரு ஏது?"

கதவு ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், ஓர் அதிர்வும் இல்லை. வளைவுகளை எண்ணிக்கொண்டே போவது என் வழக்கம். அன்றைக்கு எண்ணிக்கை நடுவில் எங்கேயோ விட்டுப்போயிற்று.

கரியாலூரில் தார் சாலை முடிந்து மண் பாதை பிரியும் இடத்தில் டீக்கடைக்கு எதிரே நிறுத்தினோம். சின்னப்பொண்ணுக்கு டீ வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். காலையில் இருந்ததைவிட அவள் முகம் எவ்வளவோ தெளிவாக இருந்தது.

"அந்தப் பொண்ணு நல்லா வழி சொல்லுதுங்கய்யா. தலமாட்டாண்டியே குந்திகினு சொல்றாப்புல கீது."

டீயை அவளிடம் கொடுத்தேன். கேபினுக்கு வந்து டேஷ்போர்டு அறையைத் திறந்து, கை எட்டும் இடத்தில் நானே வைத்திருந்த செட்டின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திரை அணைந்தது. "இன்னாப்பா பண்ற?" என்றான் சேகர். "மழ ஈரம், ஷார்ட் ஆயிடப் போவுது" என்றேன். மண் பாதையில் ஏறியதும் பின்னாலிருந்து கண்ணாடியைத் தட்டினாள். திரும்பிப் பார்த்தேன். வாயசைவில் தெரிந்தது, "ஏன் நின்னுபோச்சு?" நான் முன்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடக்கம் முடிந்து நாங்கள் இறங்கி வந்துவிட்டோம். சில நாள் கழித்துச் சின்னப்பொண்ணு சேகருக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டான். அவளுக்குக் குரல் திரும்பியிருந்தது.

"அண்ணா, அவரு வூடு வந்து சேரலிண்ணா. சோறு வெச்சிக் கூப்ட்டா ஒரு காக்காகூட வர மாட்டுது. மாமியாரு ராவெல்லாம் வாசல்லியே குந்திகினு கீது. எந்த எடத்துல கொரலு நின்னுச்சோ, அங்கியேதான் நின்னுகினு கீறாரு. வந்து இட்டாந்து வுட்ருங்கண்ணா."

சேகர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "நீதான் புடுங்குன. நீதான் வரணும்."

வயதான காலத்தில் இது என்ன கூத்து என்று முனகிக்கொண்டே ஏறினேன். ஆனால் அந்த மாமியார் வாசலில் உட்கார்ந்திருப்பது மனதை விட்டுப் போகவில்லை. நல்ல வெயில் அடிக்கும் காலை நேரம். பின்னால் மடித்த தார்ப்பாயைத் தவிர ஒன்றும் இல்லை. ஃபியூஸை மாட்டி அதே ஊரைப் போட்டான் சேகர். அணையைத் தாண்டி, வளைவெல்லாம் தாண்டிக் கரியாலூர் வரைக்கும் குரல் கதவிலிருந்துதான் வந்தது, கொஞ்சமும் பிசகவில்லை. எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. என் ஒயரிங்கில் குறை இல்லை, அன்றைக்கு ஏதோ பிரமை என்று நினைத்துக்கொண்டேன்.

டீக்கடைக்கு எதிரே, அன்றைக்கு நின்ற இடத்திலேயே நிறுத்தினான். இன்ஜினை அணைக்கவில்லை. இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்தான். "அண்ணாமல, ஏறுய்யா. நேரமாவுது" என்றான். மூட்டை ஏற்ற வந்தவனை வீட்டுக்குக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டான். டீக்கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து வண்டியை எடுத்தான்.

"வலது பக்கம் திரும்பவும்."

என் முதுகுக்குப் பின்னால்.

இந்தத் தடவை நான் எதையும் தொடவில்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். மண் பாதை முழுக்க அந்தக் குரல் பின்னாலேயே பேசிக்கொண்டு வந்தது, ஓடையில் இறங்கும் இடம், மேடு ஏறும் இடம், ஒன்றையும் விடவில்லை. வீட்டு வாசலில் வண்டி நின்றது. சின்னப்பொண்ணும் அவள் மாமியாரும் வாசலில் நின்றார்கள். சேகர் இன்ஜினை அணைத்தான், சாவியை மட்டும் செட்டுக்காகப் பாதியில் விட்டிருந்தான். "நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது" என்றது குரல். அப்புறம் பேசவே இல்லை.

சேகர் இறங்கிப்போய்ப் பின் கதவைத் திறந்துவிட்டு வண்டியைத் தொடாமல் தள்ளி நின்றான். கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேபினில் நான் மட்டும். பின்னால் இருக்கும் ஆள் கீழே குதித்தால் வண்டி லேசாக மேலே எழும்புமே, அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டை ஒரு முனகல் முனகி நிமிருமே, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படி எழும்பியது. வாசலில் நின்ற மாமியார் கிழவி சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சின்னப்பொண்ணு கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கே கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் வண்டி இன்னொரு முறை எழும்பியது.

சேகர் கவனிக்கவில்லை. பெண்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணாமலை நின்ற இடத்தில் வேறு யார், எத்தனை காலமாக, யார் வந்து கூப்பிடுவார்கள் என்று நின்றிருந்தார்கள்? கரியாலூரில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அந்த ஆட்டத்தில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. சேகரிடம் இன்றுவரை இதைச் சொல்லவில்லை. இப்போது காக்கா வருகிறது, மாமியார் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று சின்னப்பொண்ணு போனில் சொன்னாளாம். அவளிடமும் நான் என்னவென்று கேட்பேன்?

அன்றைக்கு எங்களையும் உள்ளே கூப்பிட்டாள். கூடத்தில் அவனுக்குப் படையல் போட்டிருந்தாள். ஒரே ஒரு இலைதான் போட்டிருந்தாள்.